1098 மைனருக்கு எந்த கேம் போடலாம்? தாப்பா ரோட்டுல ஏறுறவங்களுக்கு ஒரு விரிவான பதில்

தம்பி, நீ கேட்டத முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்களும் படிப்பாங்க. எஸ்டேட்ல கிராணியா (கிளார்க்கா) இருந்த தாத்தா வாங்குன மோரிஸ் மைனர், 1098 சிசி, இப்ப பீடோர்ல உன் வீட்டு போர்ச்ல நிக்குது. இன்ஜினை இறக்கி ரிங், பேரிங் எல்லாம் மாத்தப்போற, அதோட சேத்து கேம்ஷாஃப்டும், அதாவது வால்வைத் திறந்து மூட வைக்கற தண்டும், மாத்திடலாம்னு பாக்கற. கூட்டாளி ஒருத்தர் 286 டிகிரி கேம் போடு, சத்தமே வேற மாதிரி இருக்கும்னு சொல்லிட்டாரு (கிராங்க் எத்தனை டிகிரி சுத்தற வரைக்கும் வால்வு திறந்திருக்குங்கறதுதான் அந்த நம்பர்). மத்த நாள்ல பழைய ரோட்டுல ஈப்போ வரைக்கும் போய்ட்டு வரணும், லீவு நாள்ல குடும்பத்தோட தாப்பா வழியா கேமரன் மலை ஏறணும், ஏர்கோன் வேற போட்டிருக்க. எந்த கேம் வாங்கலாம்? இதான கேள்வி.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். 286 வேணாம். சிலிண்டர் ஹெட்டைத் தொடப்போறதில்லன்னா ஒரிஜினல் கேமே இருக்கட்டும், தேய்மானம் இல்லாத நல்ல ஒரிஜினலா பாத்து போடு. ஹெட்டையும் இறக்கி கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் காத்தை எத்தனை மடங்கு அமுக்குதுங்கற அளவை, 9.4 பக்கம் ஏத்தறதா இருந்தா எம்ஜி மெட்ரோ காடியோட கேம் மாதிரி, இன்லெட் வால்வு (காத்து உள்ள வர்றது) 252, எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளிய போறது) 268 டிகிரி இருக்கற கேம் போதும், அதுக்கு மேல உன் காடிக்குத் தேவையே இல்ல. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாதான் வரும், ஆனா இத புரிஞ்சிக்கிட்டா நாளைக்கு எவன் எந்த கேட்லாக்கை நீட்டினாலும் நீயே கணக்கு போட்டுக்கலாம்.

கேம் எடுக்கறவங்க பெரும்பாலும் ஆரம்பிக்கறது மேல் பக்கத்துலருந்து, அதாவது எவ்வளவு ஹார்ஸ்பவர், எத்தனை ஆயிரம் ஆர்பிஎம். நீ கீழ் பக்கத்துலருந்து ஆரம்பி. உன் காடி உண்மையில எந்த ஆர்பிஎம்ல ஓடுது? 1098 மைனருக்கு பின் ஆக்சில் ரேஷியோ 4.22, 14 இன்ச் டயர், டாப் கியர்ல 1000 ஆர்பிஎம்முக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வேகம். அப்ப பழைய ரோட்டுல 80ல போனா இன்ஜின் 3200ல சுத்துது, 90ல போனா 3600. ஹைவேல ஏறி 100 புடிச்சா 4000. மைனர் பிரேக்கை வச்சிக்கிட்டு அதுக்கு மேல போக நீயும் ஆசைப்பட மாட்ட, பக்கத்துல உக்காந்திருக்கற அம்மாவும் விட மாட்டாங்க.

இப்ப தாப்பா ரோட்டை எடுத்துக்க. தாப்பாவுலருந்து தானா ராத்தாவுக்கு சுமார் 60 கிலோமீட்டர், முழுக்க வளைவு, பாதி நேரம் முன்னால ஒரு காய்கறி லோரியோ டேங்கரோ போய்க்கிட்டு இருக்கும், 35 கிலோமீட்டருக்கு மேல வேகமே கிடைக்காது. மூணாவது கியர் ரேஷியோ 1.41, அதுல 35னா ஏறக்குறைய 2000 ஆர்பிஎம். ரெண்டாவது கியர் 2.17, அதுல 35னா 3000. புரியுதா, மலை ஏறும்போது நீ இருக்கற இடம் 2000க்கும் 3000க்கும் நடுவுல. வளைவுல 25க்கு இறங்கிட்டு மறுபடி மிதிக்கிற பாரு, அப்ப மூணாவதுல இருந்தா 1400தான். அந்த இடத்துல இழுக்கற கேம்தான் உனக்கு வேணும். 286 மாதிரி கேமுக்கு உயிர் வர்றதே 2500, 3000க்கு மேலதான், 6500 வரைக்கும் சுத்தினாதான் அதோட பலன் முழுசா தெரியும். 1098 இன்ஜினை 6500ல சுத்தக் கூடாது. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கற தூரம், 83.72 மில்லிமீட்டர், போர், அதாவது சிலிண்டரோட அகலம், வெறும் 64.58, மூணே மூணு மெயின் பேரிங், கிராங்க்கும் மெல்லிசு. உன் இன்ஜின் சேந்த ஏ சீரிஸ் குடும்பத்துலயே நீளமான ஸ்ட்ரோக் இதுதான், 1275க்கு கூட 81.28தான். நான் யாருக்கும் 5500க்கு மேல ஓட்டச் சொல்றதில்ல. ஆக, கேம் வேலை செய்யற இடம் வேற, இன்ஜின் தாங்கற இடம் வேற, ரோடு கேக்கற இடம் வேறயா போயிடும்.

அடுத்து கம்ப்ரஷன். பெரிய கேம் போட்டு ஏமாந்தவங்க பெரும்பாலும் கோட்டை விட்டது இந்த இடத்துலதான்.

டியூரேஷன், அதாவது வால்வு திறந்திருக்கற அந்த டிகிரி அளவு, பெருசாச்சுன்னா இன்லெட் வால்வு லேட்டா மூடும். பிஸ்டன் கீழ போய்ட்டு மறுபடி மேல ஏற ஆரம்பிச்ச பிறகும் வால்வு திறந்தே இருக்கும். வேகமா சுத்தும்போது உள்ள வர்ற காத்துக்கு ஒரு ஓட்டம் இருக்கறதால அது உள்ளயே புகுந்துடும், நல்லதுதான். ஆனா மெதுவா சுத்தும்போது அந்த ஓட்டம் கிடையாது, ஏறுற பிஸ்டன் காத்தை அது வந்த குழாயான மேனிஃபோல்டுக்கே திரும்ப தள்ளி விட்டுடும். அப்ப பிஸ்டன் நிஜமா அமுக்கறது வால்வு மூடின பிறகு மிச்சம் இருக்கற தூரத்தைத்தான்.

கணக்கு போட்டு காட்டறேன். உன் இன்ஜின் கம்ப்ரஷன் 8.5. ஒரிஜினல் கேம்ல இன்லெட் மூடறது பிஸ்டன் அடியைத் தொட்டு 45 டிகிரி தாண்டின பிறகு. கனெக்டிங் ராடு நீளம் 146 மில்லிமீட்டர், அத வச்சி பாத்தா வால்வு மூடும்போது ஸ்ட்ரோக்குல 89 சதவீதம் மிச்சம் இருக்கு, நிஜமான கம்ப்ரஷன் 7.7 வருது. மெட்ரோ கேம் 56 டிகிரில மூடும், அதே ஹெட்டோட 7.2. மைனர் செஞ்ச பிஎம்சி கம்பெனியோட பழைய ஸ்பெஷல் டியூனிங் காலத்து 731 கேம் 64 டிகிரில மூடும், 6.8 ஆயிடும். 286 கேம் சுமார் 70 டிகிரி, அப்ப 6.5. அதாவது நீ காசு குடுத்து வாங்கி, இன்ஜினை இறக்கி, கஷ்டப்பட்டு மாட்டி, கீழ் ஆர்பிஎம்ல கம்ப்ரஷனை ஒரு பாயிண்டுக்கு மேல கொறச்சிக்கிற. காடி ஏறாம என்ன செய்யும்?

இதையே மாத்தி பாரு. ஹெட்டை கொஞ்சம் சீவி கம்ப்ரஷன் 9.4 ஆக்கிட்டு மெட்ரோ கேம் போட்டா நிஜ கம்ப்ரஷன் 8.0 பக்கம் வருது. ஒரிஜினலை விட கூட. கீழயும் இழுக்கும், மேலயும் கொஞ்சம் நீண்டு ஓடும். அதனாலதான் நான் கேமைப் பத்தி கேக்கறவங்க கிட்ட முதல்ல ஹெட்டைப் பத்தி கேக்கறது.

8.5லருந்து 9.4க்கு போக எவ்வளவு சீவணும்னு போர்மேன் (மெக்கானிக்) கேப்பாரு. ஒரு சிலிண்டர் 274.5 சிசி. 8.5ல மேல மிச்சம் இருக்கற இடம் மொத்தம் 36.6 சிசி, 9.4ல 32.7 சிசி. அப்ப சிலிண்டருக்கு 3.9 சிசி குறையணும். கண்ணை மூடிக்கிட்டு இவ்வளவு மில்லிமீட்டர் சீவுன்னு சொல்லாத, ஏன்னா அம்பது வருஷத்துல அந்த ஹெட்டை யார் யார் எத்தனை தடவ சீவினாங்கன்னு யாருக்கும் தெரியாது. பிளக்கை மாட்டி, வால்வை உக்கார வச்சி, ஹெட்டை கவுத்து, மேல ஒரு அக்ரிலிக் துண்டு வச்சி, ஃபார்மசில விக்கற ஊசியால எண்ணெய் ஊத்தி ஒவ்வொரு சேம்பரையும் அளந்து பாரு. நாலும் ஒண்ணா இருக்காது, அதையும் அப்பயே சரி பண்ணிக்கலாம். 9.4க்கு இக்னிஷன் டைமிங் ஒழுங்கா இருந்தா 95 பெட்ரோல் போதும், மலைக்கு முழு லோடோட போற அன்னைக்கு 97 ஊத்திக்க. ஹெட் கடைக்கு போறப்பவே எக்ஸாஸ்ட் வால்வுக்கு கெட்டியான சீட் போட்டுடு, இந்த ஹெட்டெல்லாம் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துல செஞ்சது.

இந்த இன்ஜினுக்குன்னே ஒரு விஷயம் இருக்கு, வேற காடிக்கு சொல்ற கேம் அட்வைஸ் இதுக்கு அப்படியே பொருந்தாது. ஏ சீரிஸ்ங்கறது 1951ல ஆஸ்டின் ஏ30க்காக வந்த டிசைன், 2000ல கடைசி மினி வரைக்கும் ஓடுச்சு, ஆனா அத்தனை வருஷமும் ஹெட்ல இன்லெட் ஓட்டை ரெண்டே ரெண்டுதான். ஒண்ணாவது ரெண்டாவது சிலிண்டருக்கு ஒரு ஓட்டை, மூணாவது நாலாவதுக்கு ஒரு ஓட்டை. ஃபயரிங் ஆர்டர் 1, 3, 4, 2. அதனால ரெண்டாவது சிலிண்டர் இழுத்து முடிக்கறதுக்குள்ள ஒண்ணாவது இழுக்க ஆரம்பிச்சிடும், அதே மாதிரி மூணாவது முடிக்கறதுக்குள்ள நாலாவது. எஸ்டேட் லயத்துல ரெண்டு வீட்டுக்கு ஒரே பைப்பு இருக்கும் பாரு, ஒரு வீட்டுல வாளி நெறையறதுக்குள்ள பக்கத்து வீட்டுல திறந்துட்டா இங்க தண்ணி நூலா வரும், அந்த கதைதான். ஜோடி சிலிண்டர் ரெண்டோட இன்லெட் வால்வும் ஒரே நேரத்துல எவ்வளவு நேரம் திறந்திருக்குன்னு பாக்க சுலபமான வழி, இன்லெட் டியூரேஷன்ல 180ஐ கழிச்சிடு. ஒரிஜினல் கேம் 230, கழிச்சா 50 டிகிரி. மெட்ரோ கேம் 252, அப்ப 72. 731க்கு 268, அப்ப 88. 286க்கு 106 டிகிரி. மெதுவா சுத்தும்போது 106 டிகிரி நேரம் ரெண்டு சிலிண்டரும் ஒரே ஓட்டைக்கு சண்டை போட்டா ரெண்டுக்கும் ஒழுங்கான பங்கு போய் சேராது, ஐட்லிங் குதிக்கும், காலை லேசா வச்சா ஜெர்க் அடிக்கும். நாலு சிலிண்டருக்கும் தனித்தனி ஓட்டை இருக்கற இன்ஜின்ல, உதாரணத்துக்கு ஃபோர்டு கெண்ட் கிராஸ்ஃப்ளோ, 280 டிகிரி கேம் சாதுவா இருக்கலாம். அத வச்சி மைனருக்கு முடிவு எடுக்காத.

இன்னொரு எச்சரிக்கை, அந்த டிகிரி நம்பர்களை ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் நேரா ஒப்பிட முடியாது. ஒருத்தர் வால்வு லேசா அசையறதுலருந்து எண்ணுவாரு, ஒருத்தர் கொஞ்சம் உயர்ந்த பிறகு எண்ணுவாரு, அமெரிக்கா பக்கம் லோப் (கேம்ல வால்வைத் தள்ளற மேடு) 0.050 இன்ச், அதாவது 1.27 மில்லிமீட்டர் உயர்ந்த இடத்துலருந்து எண்ணுவாங்க. ஒரே கேமை மூணு விதமா அளந்தா மூணு நம்பர் வரும், முப்பது நாப்பது டிகிரி வித்தியாசம் கூட வரலாம். அதனால விக்கறவர் கிட்ட இன்லெட் எத்தனை டிகிரில மூடுது, எந்த லிஃப்ட்ல (எவ்வளவு உயர்ந்த பிறகு) அளந்தது, ஃபுல் லிஃப்ட் எத்தனை டிகிரில வருது, இந்த மூணையும் கேளு. பதில் சொல்லத் தெரியாதவங்க கிட்ட வாங்காத, பேரு எவ்வளவு பெருசா இருந்தாலும் சரி.

லிஃப்ட்டைப் பத்தி அதிகம் சொல்லப்போறதில்ல. வால்வை மேலருந்து அமுக்கற நெம்புகோல்தான் ராக்கர், அதோட ரேஷியோ சுமார் 1.25, லோப் 6.35 மில்லிமீட்டர் தூக்கினா வால்வு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இறங்கும். டியூரேஷனை ஏத்தாம லிஃப்ட்டை மட்டும் கொஞ்சம் ஏத்தணும்னா 1.3 ராக்கர் போடலாம், ரோட்டு காடிக்கு அது சாதுவான மாத்தம், கேமைத் தொடாமலே செய்யலாம். 1.5 ராக்கர் வேணாம், லோப் மேல உக்கார்ற டேப்பட்டுக்கும், அதுலருந்து ராக்கருக்குப் போற கம்பியான புஷ்ராடுக்கும் லோடு ரொம்ப கூடிடும். எத மாத்தினாலும் வால்வு ஸ்பிரிங் முழுசா அமுங்கி ஒட்டிக்காம இடம் இருக்கான்னு பாக்கணும்.

ஏர்கோனுக்கு வர்றேன். இது இங்கிலாந்து கேட்லாக்ல எழுத மாட்டாங்க, அங்க மைனர்ல ஏர்கோன் போடறவங்க எத்தனை பேர். நம்ம ஊர் வெயில்ல மதியம் ரெண்டு மணிக்கு ஈப்போ சிக்னல்ல நிக்கும்போது கம்ப்ரசர் இழுக்கும், அந்த நேரம் 800 ஆர்பிஎம்ல இன்ஜினுக்கு தெம்பு இருக்கணும். ஓவர்லாப், அதாவது இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் சேந்து திறந்திருக்கற நேரம், அதிகமான கேம்ல ஐட்லிங்கையே 1100, 1200ல வைக்கணும், கம்ப்ரசர் புடிச்சதும் இறங்கி நின்னுடும், ஐட்லிங்கை ஏத்தற ஐட்ல் அப் போட்டு ஏத்தி வச்சா பெட்ரோலும் சூடும் கூடும். மைனர் ரேடியேட்டர் ஏற்கனவே திணறிக்கிட்டு இருக்கற ஒண்ணு.

நம்ம பக்கத்துலயே ஒரு மைனர் இருக்கு, உன்னுது மாதிரிதான், ஹெட் ஒரிஜினல், கேம் மட்டும் பெருசு. நிறுத்தி வச்சி கேட்டா சத்தம் அருமையா இருக்கும், அத மறுக்கல. ஆனா மலை ரோட்டுல அவர் பின்னால போனா ஒவ்வொரு வளைவுக்கும் ரெண்டாவது, சில இடத்துல ஒண்ணாவது கியருக்கே இறங்கறாரு. அந்த கியர்பாக்ஸ்ல ஒண்ணாவதுக்கு சிங்க்ரோ (ஓடும்போதே கியர் சுலபமா விழ வைக்கற வளையம்) கிடையாது, காடியை கிட்டத்தட்ட நிறுத்திட்டுதான் போடணும், பின்னால வர்ற லோரிக்காரருக்கு அது தெரியுமா? மேல போகப் போக காத்தும் மெலிசாகுது, தானா ராத்தா 1440 மீட்டர் உயரம், அங்க எந்த இன்ஜினும் பத்து சதவீதத்துக்கு மேல பலத்தை விட்டுடும். கீழ் ஆர்பிஎம்ல மிச்சம் வச்சிக்காத காடி அங்கதான் கை விரிக்கும்.

சரி, மெட்ரோ வகைன்னு முடிவு பண்ணிட்டன்னு வச்சிக்குவோம். எம்ஜி மெட்ரோ 1982ல வந்தது, 1275 இன்ஜின், அதோட கேம் இன்லெட் 16 டிகிரி முன்னால திறந்து 56ல மூடும், எக்ஸாஸ்ட் 59ல திறந்து 29ல மூடும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் நீளமா குடுத்திருக்கறது ஏ சீரிஸுக்கு நல்லா ஒத்துப்போகும், ஏன்னா நடுவுல இருக்கற ரெண்டு சிலிண்டருக்கும் எக்ஸாஸ்ட் ஓட்டையும் ஒண்ணுதான். இதே அளவுல புதுசா வெட்டின கேம் இப்பவும் விக்கறாங்க.

ஆர்டர் பண்றதுக்கு முன்னால உன் பழைய கேமை வெளிய எடுத்து அதோட பின் முனையைப் பாரு. ஆயில் பம்ப்பை சுத்தறது அந்த முனைதான், ஏ சீரிஸ்ல அது மூணு விதம். ஒண்ணுல குறுக்க ஒரு பின் இருக்கும், ஒண்ணுல வெட்டுக்குழி இருக்கும், இன்னொண்ணுல நட்சத்திரம் மாதிரி ஒரு துண்டு மாட்டி இருக்கும். கேமும் பம்ப்பும் ஜோடியா இல்லன்னா மாட்டவே முடியாது, பின்முனை வேறயா வந்தா பம்ப்பையும் சேத்து வாங்கணும். மெட்ரோ இன்ஜின்லருந்து கழட்டின கேம்ல வெட்டுக்குழிதான் இருக்கும். பெட்ரோல் பம்ப்புக்கு தனி லோப் இருக்கா இல்லையான்னு உனக்கு கவலை வேணாம், மைனருக்கு எஸ்யூ எலெக்ட்ரிக் பம்ப்தான்.

பழைய கேமையே கடைசல் கடையில குடுத்து புது ப்ரொஃபைல் வெட்டித் தர்றேன்னு சொல்றவங்க இருக்காங்க. நல்லா செய்யறவங்களும் இருக்காங்கதான், ஆனா லோப்பை வெட்டி வெட்டி மேல் தோல் கெட்டியா இருக்கற பகுதி போயிட்டா சில மாசத்துலயே தேஞ்சிடும், அடி வட்டமும் சின்னதாகி டேப்பட் கீழ இறங்கிடும், ராக்கர் ஸ்க்ரூ முழுசா வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். என் அபிப்பிராயம், புதுசு கிடைக்கற இன்ஜினுக்கு புதுசே வாங்கு.

டேப்பட் எட்டும் கண்டிப்பா புதுசு. இதுல சிக்கனம் பாக்காத. 1098 பிளாக்ல மேனிஃபோல்டு பக்கம் ரெண்டு சைடு கவர் இருக்கு, அதை கழட்டினா டேப்பட் கைல வந்துடும். பழைய டேப்பட்டோட அடிப்பக்கத்தை வெயில்ல சாய்ச்சி பாரு. புதுசா இருக்கும்போது அந்த முகம் தட்டையா தெரிஞ்சாலும் லேசா உப்பி இருக்கும், லோப்பும் ஒரு பக்கம் லேசா சாஞ்சிருக்கும், அந்த ரெண்டும் சேந்துதான் டேப்பட்டை வேலை செய்யும்போது சுத்த வைக்குது. தேஞ்ச டேப்பட்ல அந்த உப்பல் போயிருக்கும், நடுவுல குழி விழுந்திருக்கும், சிலதுல அம்மை தழும்பு மாதிரி புள்ளி புள்ளியா பேந்திருக்கும். அப்படி ஒண்ண புது லோப் மேல வச்சா சுத்தாது, ஒரே கோட்டுல தேய்க்கும், லோப்போட மூக்கு காணாம போயிடும். அந்த இரும்புத்தூள் எல்லாம் ஆயிலோட சேந்து நீ புதுசா போட்ட பேரிங்குக்குத்தான் போகும்.

மாட்டும்போது டைமிங் கியர்ல இருக்கற ரெண்டு புள்ளியை நேரா வச்சிட்டு மூடிடறது வழக்கம். அது பத்தாது. டிகிரி டிஸ்க் ஒண்ணு வாங்கி கிராங்க் முன்னால மாட்டு, கம்பி வளைச்சி ஒரு முள் வை. ஹெட் கழட்டி இருக்கும்போதே ஒண்ணாவது சிலிண்டர் மேல ஒரு இரும்பு பட்டையை போல்ட் போட்டு நிறுத்தி பிஸ்டன் அதுல முட்டற வரைக்கும் கிராங்க்கை சுத்து, டிகிரியை எழுதிக்க, அப்புறம் எதிர்ப்பக்கம் சுத்தி முட்டற இடத்தை எழுதிக்க, ரெண்டுக்கும் நடுவுதான் நிஜமான டாப் டெட் சென்டர், அதாவது பிஸ்டன் உச்சியில இருக்கற இடம். அப்புறம் பட்டையை எடுத்துட்டு முன்னாலருந்து ரெண்டாவது புஷ்ராடு மேல டயல் கேஜ் வை, அதுதான் ஒண்ணாவது சிலிண்டரோட இன்லெட். ஃபுல் லிஃப்ட் வர்ற இடத்துல முள் கொஞ்ச நேரம் அசையாம நிக்கும், அதனால உச்சியை நேரா படிக்காத. உச்சிக்கு 0.10 மில்லிமீட்டர் முன்னால ஒரு டிகிரி, உச்சி தாண்டி 0.10 இறங்கின இடத்துல ஒரு டிகிரி, ரெண்டையும் கூட்டி பாதியாக்கு. 98ம் 122ம் வந்தா 110. மெட்ரோ கேமுக்கு 110தான் வரணும். 114 வந்தா கேம் 4 டிகிரி லேட். புது செயின்லயே இந்த அளவு தப்பு வரும், பழைய செயின் நீண்டு போனா இன்னும் லேட் ஆகும், லேட் ஆனா கீழ் இழுப்பு போயிடும். கியரைக் கொஞ்சம் திருப்பி உக்கார வைக்கற ஆஃப்செட் கீ போட்டு சரி பண்ணலாம், ஆனா வாங்கும்போது அந்த டிகிரி கிராங்க்ல எண்ணினதா கேம்ல எண்ணினதான்னு கேட்டுக்க, கேம்ல 2 டிகிரின்னா கிராங்க்ல 4. மலைக்கு போற காடிக்கு நான் 107, 108ல வைப்பேன், கொஞ்சம் முன்னால இருக்கட்டும். முடிஞ்சா ரெட்டை வரி செயின் செட் போடு.

முதல் ஸ்டார்ட்தான் கேமோட ஆயுசை முடிவு பண்ணும். லோப் மேலயும் டேப்பட் அடியிலயும் அசெம்ப்ளி பேஸ்ட் தடவு, டேப்பட் பக்கவாட்டுல வெறும் ஆயில் போதும். பிளக்கை கழட்டிட்டு ஆயில் லைட் அணையற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல சுத்து. தண்ணி, பெட்ரோல், இக்னிஷன் டைமிங் எல்லாம் சரியா இருக்கான்னு ரெண்டு தடவ பாரு, ஏன்னா சாவி போட்டதும் புடிக்கணும், கிர்ர் கிர்ர்னு பத்து நிமிஷம் இழுத்துக்கிட்டு இருந்தா பேஸ்ட் எல்லாம் வழிஞ்சி போயிடும். புடிச்சதும் ஐட்ல விடாத, நேரா 2000லருந்து 2500க்கு ஏத்தி இருபது நிமிஷம் அங்கயே கொஞ்சம் ஏத்தி இறக்கி வச்சிரு. லோப்புக்கு ஆயில் கிடைக்கறது கிராங்க் வீசி அடிக்கறதுலதான், ஐட்ல் ஸ்பீடுல அது போதாது. மினியாக் ஹீத்தாம் (இன்ஜின் ஆயில்) 20டபிள்யூ50 போடு, பழைய இன்ஜினுக்குன்னு ஸிங்க் கூட இருக்கறதா பாத்து வாங்கு. புது காடிக்கு விக்கற மெல்லிசான ஆயில்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டரை காப்பாத்த பாஸ்பரஸை குறைச்சிட்டாங்க, தேச்சிக்கிட்டு ஓடற டேப்பட்டுக்கு அது ஆகாது.

பழைய கேமுக்கு வால்வு கேப் 0.30 மில்லிமீட்டர், புது கேமுக்கு அதோட கார்டுல என்ன போட்டிருக்கோ அது. எட்டு வால்வையும் சுலபமா வைக்க ஒரு கணக்கு இருக்கு, கூட்டினா ஒன்பது வரணும். எட்டாவது முழுசா திறந்திருக்கும்போது ஒண்ணாவதை வை, ஏழாவது திறந்தா ரெண்டாவது, இப்படியே போகும்.

1275 இன்ஜினையே தூக்கி வச்சிடலாமேன்னு அடுத்து யாராவது சொல்லுவாங்க. நல்ல இன்ஜின்தான், ரோட் டாக்ஸும் 55 வெள்ளிலருந்து 70 வெள்ளிதான் ஆகும், ஆனா புஸ்பாகோம்ல காடி செக்கிங், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, கிராண்ட்ல (காடியோட பதிவுப் பத்திரத்துல) இன்ஜின் நம்பர் மாத்தம் எல்லாம் இருக்கு. தாத்தா பேர்ல வந்த காடி, நம்பர் எல்லாம் ஒத்துப்போயிருக்குன்னு நீயே எழுதியிருந்த. அந்த 1098 அதே காடிலயே இருக்கட்டும்னுதான் நான் நினைக்கிறேன்.

கேம் மாத்தின பிறகு எஸ்யூ கார்புரேட்டர்ல ஊசி அதே பழசா இருந்தா நடு ஆர்பிஎம்ல லீன் ஆகலாம், அதாவது பெட்ரோல் பத்தாம போகலாம், பிளக் கலரைப் பாத்து ஒரு படி ரிச்சான (பெட்ரோல் கூட விடற) ஊசிக்கு போ. ஹெச்எஸ்2 கார்புரேட்டரே போதும், பெருசு தேடாத. டிஸ்ட்ரிபியூட்டர்ல அட்வான்ஸ் வெயிட்டும் ஸ்பிரிங்கும் ஒழுங்கா வேலை செய்யுதான்னு டைமிங் லைட் வச்சி பாரு, 9.4 கம்ப்ரஷன்ல மூணாவது கியர்ல மலை ஏறும்போது டிங் டிங்னு நாக்கிங் கேட்டா உடனே ரெண்டு டிகிரி பின்னால தள்ளு. 800 கிலோமீட்டர்ல ஆயில், ஃபில்டர் ரெண்டும் மாத்து, வால்வு கேப்பை மறுபடி பாரு. ஏதாவது ஒரு வால்வுல மட்டும் கேப் கூடிக்கிட்டே போச்சுன்னா ஓட்டாத, சைடு கவரை திறந்து அந்த டேப்பட்டை எடுத்து அடிப்பக்கத்தை ஒரு படம் புடிச்சி அனுப்பு, பாத்து சொல்றேன்.